காய்கறி சுடுதல்: சொல்லும் முறையும்

முன்னுரை

இல்லச் சமையலறையிலிருந்து தீ மெல்ல விடைபெற்று வருகிறது. தோட்டப்புற லயங்களில் ரப்பர் மர விறகு எரிந்த அடுப்புகளைக் கண்ட தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பின் மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் எரிவாயு அடுப்பும் வந்தன. இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இண்டக்ஷன் அடுப்பே இடம்பெற்றுள்ளது. அதில் பாத்திரம் சூடாகிறது. ஆனால் தீ கண்ணுக்குத் தெரிவதில்லை. தீ தெரியாத இடத்தில் அவிக்கலாம், வதக்கலாம், பொரிக்கலாம். சுடுவதற்கு மட்டும் வழி இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர்.

இவ்வெண்ணத்தால் சில உணவுகள் வடிவம் மாறியுள்ளன. கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, தோலை உரித்து, புளியும் மிளகாயும் சேர்த்து அரைக்கும் துவையல், இன்று பல வீடுகளில் காயை எண்ணெயில் வதக்கி அரைக்கும் துவையலாகிவிட்டது. பெயர் ஒன்றே, சுவை ஒன்றன்று. முறை மாறும்போது அதனைக் குறித்த சொல்லும் வழக்கிழக்கிறது. ‘சுடு’, ‘வாட்டு’, ‘வதக்கு’ ஆகிய மூன்று சொற்களும் ஒரே பொருளனவாக எழுதப்படும் சமையற் குறிப்புகளை இன்று காணமுடிகிறது. வெளிநாட்டு உணவகங்களின் வழியாகக் ‘கிரில்’ என்னும் சொல் வந்து சேர்ந்தபின், காய்கறியைத் தீயில் இட்டு உண்பதே ஒரு புதிய பழக்கம் என்னும் கருத்தும் பரவியுள்ளது.

காய்கறி சுடுதலைச் சொல், அறிவியல், செய்முறை ஆகிய மூன்று நிலைகளில் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. சுடுதலுக்கு இன்றியமையாதவை வறண்ட மேற்பரப்பு, வலிய வெப்பம், போதிய நேரம் ஆகிய மூன்றுமே ஆகும். இவற்றை அறிந்தவர் எந்த அடுப்பிலும் சுடலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சமையல் வினைச்சொற்களும் அவற்றின் பொருள் எல்லையும்

தமிழில் சமையல் தொடர்பான வினைச்சொற்கள் வெப்பத்தைக் கடத்தும் பொருளை அடிப்படையாகக் கொண்டு பிரிந்து நிற்கின்றன. நீரிலோ நீராவியிலோ வேகச் செய்வது அவித்தல். மிகுந்த எண்ணெயில் இட்டு எடுப்பது பொரித்தல். சிறிதளவு எண்ணெயில் கிளறி, காயின் நீரை வெளியேற்றித் தளரச் செய்வது வதக்குதல். வெறும் சட்டியில் பருப்பையோ தானியத்தையோ கிளறிச் சூடேற்றுவது வறுத்தல். தீயின் அருகே காட்டி மென்மையாக்குவது வாட்டுதல். நேரடியாகத் தீயிலோ தணலிலோ இட்டு உள்ளே வேகவும் வெளியே கருகவும் செய்வது சுடுதல்.

இவற்றுள் வாட்டுதலும் வதக்குதலும் பிறவினைகளாகும். வாடு, வதங்கு என்பன அவற்றின் தன்வினைகள். இலை வாடுகிறது; நாம் அதனை வாட்டுகிறோம். வெங்காயம் வதங்குகிறது, நாம் அதனை வதக்குகிறோம். அதாவது, காயிடமோ இலையிடமோ நிகழும் மாற்றமே இச்சொற்களின் மையப் பொருளாகும். ‘சுடு’ என்னும் வினை இவ்வகையில் வேறுபட்டது. கத்தரிக்காய் வெந்தது, வதங்கியது, பொரிந்தது என்று கூறலாம். ‘கத்தரிக்காய் சுட்டது’ என்றால், தொட்டவரின் விரலை அது சுட்டது என்றே பொருள்படும். சுடும் தொழில் காயினுடையதன்று, தீயினுடையது. சமைப்பவர் அத்தீக்குக் காயை ஒப்படைக்கிறார். எனவே இம்முறையில் சமைப்பவரின் திறன் கிளறுவதில் அன்றி, தீயை அறிவதில் உள்ளது.

‘சுடு’ என்பதன் பொருட்பரப்பு விரிந்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தோசை சுடுகிறோம், வடை, பணியாரம், அதிரசம் ஆகியவற்றையும் சுடுகிறோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கூடச் சுடப்படுகின்றன. ஈரமாக இருந்த ஒன்று வெப்பத்தால் நிலைத்த வடிவமும் உறுதியான மேற்புறமும் பெறுவது இவை பலவற்றிற்கும் பொதுவான தன்மை எனலாம். ஆயினும் காய்கறி என்று வரும்போது இச்சொல் தன் எல்லையைச் சுருக்கிக்கொள்கிறது. மாவு எண்ணெயில் வெந்தால் வடை சுடுதலாகும். கத்தரிக்காய்த் துண்டு அதே எண்ணெயில் வெந்தால் அதனைச் சுடுதல் என்று எவரும் கூறுவதில்லை. சுட்ட அப்பளமும் பொரித்த அப்பளமும் ஒன்றல்ல என்பதைச் சிறுவரும் அறிவர்.

தீயில் சுடும் வழக்கத்தின் தொன்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை, கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநனுக்கு அளித்த விருந்தோம்பலைக் காட்டுகிறது. அக்கம்பியைக் ‘காழ்’ என்று அந்நூல் குறிக்கின்றது. இன்று சாத்தே விற்பவர் மூங்கிற் குச்சியில் இறைச்சியைக் கோக்கும் முறையும் அதுவே. ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று மாட்டுக்காரச் சிறுவன் வினவியதாக வழங்கும் கதையும், சுடுதல் என்னும் சொல்லின் பொருளை வைத்தே பின்னப்பட்டது. மணலில் விழுந்த நாவற்பழத்தை ஊதி உண்ட மூதாட்டியைப் பார்த்து, பழம் சுடுகிறதா என்று சிறுவன் கேட்கும்போது நகைச்சுவை பிறக்கிறது. சுட்டதை ஊதி உண்பது அனைவரும் அறிந்த செயலாக இருந்ததாலேயே இந்நகைச்சுவை பொருள்படுகிறது.

மலாய் மொழியுடன் ஓர் ஒப்பீடு

இந்நாட்டில் நம்முடன் வாழும் மலாய் மக்களின் மொழியிலும் இத்தகைய நுண்ணிய பாகுபாடு உண்டு. ‘பாக்கார்’ என்பது தீயில் சுடுதலையும் எரித்தலையும் குறிக்கும். ‘சாலாய்’ என்பது தீக்கு மேலே தொங்கவிட்டோ பரப்பியோ புகையில் உலர்த்துதலாகும். ‘லாயூர்’ என்பது இலையைத் தீயின் மேல் காட்டி மென்மையாக்குதல். ‘லாயு’ என்னும் சொல் வாடுதலைக் குறிப்பதை நோக்கும்போது, வாடு, வாட்டு என்னும் தமிழ்ச் சொற்களின் உறவு நம் நினைவுக்கு வருகிறது. கட்டுச்சோறு கட்டும் தமிழ்க் குடும்பமும், நாசி லெமாக் பொதியும் மலாய்க் குடும்பமும் வாழையிலையை ஒரே காரணத்திற்காகத் தீயில் வாட்டுகின்றன. வாட்டாத இலை மடிக்கும்போது கிழிந்துவிடும். சளி பிடித்த குழந்தையின் மார்பில் வைப்பதற்கு வெற்றிலையை விளக்கில் காட்டும் பாட்டிமார் செய்வதும் வாட்டுதலே. அதனைச் சுடுதல் என்று அவர்கள் கூறமாட்டார்கள்.

காய்கறியைச் சுட்டு உண்பதும் இங்குப் புதியதன்று. முழுக் காயாகச் சுட்ட பெத்தாய், சுட்ட கத்தரிக்காய், இரவுச் சந்தைகளில் விற்கப்படும் சுட்ட சோளம் ஆகியவை மலேசியர் அனைவரும் அறிந்தவை. யாழ்ப்பாண மரபில் வந்த குடும்பங்களில் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் தேங்காய்ப்பாலுடன் செய்யப்படுகிறது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே பல குடும்பங்களின் முதன்மை உணவானது. அக்கிழங்கை அவித்தும் சுட்டும் உண்டு பசியாறிய கதையைத் தம் முன்னோரிடமிருந்து கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்பர்.

சுடும்போது நிகழ்வது யாது?

காய்கறியின் பெரும்பகுதி நீர். கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றின் எடையில் ஏறத்தாழ 92 முதல் 95 விழுக்காடு நீராகும். வெங்காயத்தில் அது 89 விழுக்காட்டையும், சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 77 விழுக்காட்டையும் ஒட்டி அமைகிறது. நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. காயின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அப்பரப்பின் வெப்பம் அந்த அளவைத் தாண்டிப் பெரிதும் உயர்வதில்லை. கீழே தீ எவ்வளவு வலியதாயினும், ஈரமான காய் வேகுமேயன்றிச் சுடப்படாது.

மேற்பரப்பு வறண்டபின் நிலைமை மாறுகிறது. வெப்பம் ஏறத்தாழ 140 பாகையைக் கடக்கும்போது, காயிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் புதிய மணங்களையும் தோற்றுவிக்கின்றன. இவ்வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யாரின் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. சர்க்கரை தானே உருகிப் பழுப்பாகும் மாற்றமும் இதனுடன் சேர்ந்து நிகழ்கிறது. அவித்த காயில் இல்லாத மணம் சுட்ட காயில் இருப்பதன் காரணம் இதுவேயாகும். முதலில் கூறிய வறண்ட மேற்பரப்பு, வலிய வெப்பம் ஆகிய இரண்டின் தேவையும் இதனால் விளங்கும்.

மூன்றாவது தேவை நேரம். வெளிப்புறம் பழுக்கும் நேரத்தில் உட்புறம் தன் சொந்த நீரின் ஆவியிலேயே வேகிறது. ஆகவே சுடுதல் என்பது ஒரே காயில் நிகழும் இரண்டு சமையல்களாகும். வெளியே வறண்ட சூடு, உள்ளே ஈரமான வேக்காடு. தீ அளவுக்கு மீறினால் உள் வேகுமுன் வெளி கரியாகும். தீ குறைந்தால் வெளி வறளுமுன் உள் குழைந்துவிடும். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிறைவுறுமாறு பார்த்துக்கொள்வதே சுடும் கலை.

கத்தரிக்காயின் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்றது. துண்டாக்கி எண்ணெயில் இட்டால் அவ்வறைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. முழுக் காயாகத் தீயில் இட்டால், உள்ளே எழும் ஆவியால் அறைகள் சரிந்து சதை இறுகுகிறது. எண்ணெய்க்கு அங்கு இடமில்லை. எண்ணெயைக் குறைக்க விரும்புவோருக்குச் சுட்ட கத்தரிக்காய் ஏற்றதாவது இதனாலாகும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. அக்கிழங்கிலுள்ள ஒரு நொதி, மாவுப்பொருளை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வரையிலான வெப்பத்தில் இது சிறப்பாகச் செயற்படும். மெல்லச் சூடேறும் கிழங்கு இவ்வெப்பநிலையில் நெடுநேரம் தங்குவதால் மிகுதியாக இனிக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பில் சில நிமிடங்களில் வெந்த கிழங்கு அவ்வளவு இனிப்பதில்லை. அடங்கிய தணலின் சாம்பலுக்குள் கிழங்கைப் புதைத்து வைத்த பழக்கத்தின் நுட்பம் இங்குப் புலனாகிறது. ஆனால் இவ்வினிப்புக்கு ஒரு விலையும் உண்டு. அவித்த கிழங்கைவிடச் சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக உயர்த்தும். நீரிழிவு நோயுள்ளோர் இதனைக் கருத்திற்கொள்ளல் நலம்.

வெண்டைக்காயின் வழவழப்பும் இவ்வகையில் விளக்கத்தக்கது. அவ்வழவழப்பைத் தரும் பொருள் நீரில் கரைந்து பரவும் தன்மையது. குழம்பில் நறுக்கி இட்டால் அது பெருகுகிறது. காம்பை நீக்காமல் முழுதாக வறண்ட சூட்டில் சுட்டால், வழவழப்பு வெளிப்பட வழியின்றி அடங்கிவிடுகிறது.

தீயை அறிதல்

கரியில் சுடுவோர் சுவாலையில் சுடுவதில்லை, தணலிலேயே சுடுகின்றனர். கரி பற்றியவுடன் எழும் சுவாலை நிலையற்றது, புகையும் மிகுதி. கங்குகளின் மேல் வெண்சாம்பல் படர்ந்தபின் எழும் வெப்பமே சீரானது. அவ்வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகக் காயை வந்தடைகிறது. தொலைவு கூடுந்தோறும் அதன் வலிமை குறையும். ஆதலால் கம்பிவலையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் தீயைக் குறைப்பதற்கும் கூட்டுவதற்கும் ஒப்பானவை.

வெப்பத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கம்பிவலைக்கு மேல் ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில் உள்ளங்கையைக் காட்ட வேண்டும். 2 முதல் 3 விநாடிக்குள் கையை எடுக்க நேர்ந்தால் அது வலிய சூடு; வெங்காயம், குடைமிளகாய் போன்றவற்றிற்கு ஏற்றது. 5 முதல் 6 விநாடி வரை தாங்க முடிந்தால் அது நடுத்தரச் சூடு. கத்தரிக்காய், சோளம், பூசணி ஆகியவற்றிற்குப் பொருந்தும். அதற்கும் மேல் தாங்க முடிந்தால் கிழங்குகளை இடலாம்.

மலேசியாவில் கரி என்றவுடன் நினைவுக்கு வருவது பேராக் மாநிலத்தின் கோலா செபெத்தாங் ஆகும். மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரங்கள், 30 ஆண்டுச் சுழற்சி முறையில் வெட்டப்பட்டு, அங்குள்ள குவிமாடம் போன்ற செங்கற் சூளைகளில் கரியாக்கப்பட்டு வந்துள்ளன. சூளையிலும் மரம் எரிவதில்லை. காற்றுக் குறைந்த வெப்பத்தில் அதன் நீரும் ஆவியாகும் பொருள்களும் நீங்குகின்றன. அடர்ந்த மரத்திலிருந்து கிடைக்கும் கரி, நெடுநேரம் தணலாக நின்று சுடுவதற்கு உதவுகிறது.

இல்லத்தில் சுடும் முறைகள்

எரிவாயு அடுப்பு

எரிவாயு அடுப்பில் முழுக் கத்தரிக்காயை நேரடியாகச் சுடலாம். 250 முதல் 300 கிராம் எடையுள்ள, தோல் பளபளப்பான, கைக்கு இலேசாகத் தோன்றும் காயைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கனத்த முற்றிய காயில் விதை மிகுந்திருக்கும். காயைக் கழுவித் துடைத்து, நான்கைந்து இடங்களில் கத்தி முனையால் குத்திவிட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் உள்ளே அடைபட்ட ஆவியால் காய் வெடிக்கக்கூடும். தோலின் மேல் சிறிது எண்ணெய் தடவி, நடுத்தரச் சுவாலையில் வைத்து, இடுக்கியால் 3 நிமிடத்திற்கு ஒருமுறை திருப்பினால் 12 முதல் 15 நிமிடங்களில் சுடப்பட்டுவிடும். காம்பை ஒட்டிய பகுதியே கடைசியாக வேகும். கத்தி முனை அங்குத் தடையின்றி இறங்கினால் காய் வெந்ததாகக் கொள்ளலாம்.

சுட்ட காயை உடனே உரித்தலாகாது. ஒரு பாத்திரத்திலிட்டு மூடி, 10 நிமிடம் வைத்தால் எஞ்சிய ஆவி தோலைச் சதையிலிருந்து பிரித்துவிடும். உரித்தபின் குழாய் நீரில் கழுவுவோர் உளர். அது சுட்டதன் மணத்தை நீரோடு விடுவதற்கு ஒப்பாகும். கையை நீரில் நனைத்துக்கொண்டு ஒட்டியுள்ள கருந்துகள்களைத் துடைத்தெடுத்தலே முறை. குடைமிளகாயையும் தக்காளியையும் இவ்வாறே சுட்டு உரிக்கலாம். முன்னதற்கு 8 முதல் 10 நிமிடமும், பின்னதற்கு 4 முதல் 5 நிமிடமும் போதும்.

இண்டக்ஷன் அடுப்பு

தீயில்லாத அடுப்பில் கனத்த இரும்புத் தோசைக்கல்லே தணலின் பணியைச் செய்கிறது. இரும்பு மெல்லச் சூடேறி, ஏறிய சூட்டை எளிதில் இழப்பதில்லை. கல்லை 5 நிமிடமாவது நடுத்தர அளவில் காயவைத்தபின் காயை இட வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் காயின் மேல் தடவுதல் சிறந்தது. கல்லில் ஊற்றிய எண்ணெய் புகைந்து கசக்கும். கத்தரிக்காய், பூசணி, வெங்காயம் ஆகியவற்றை ஏறத்தாழ 1.5 செ.மீ. கனமுள்ள வில்லைகளாக நறுக்கலாம். அவற்றைக் கல்லில் நெருக்கமாக அடுக்குவது பலரும் செய்யும் பிழை. நெருக்கமாக அடுக்கிய காய்களிலிருந்து எழும் ஆவி வெளியேற இடமின்றி, மேற்பரப்பை ஈரமாகவே வைத்திருக்கும். அப்போது காய் வதங்குகிறது, சுடப்படுவதில்லை. அடிக்கடி கிளறுவதாலும் இதே விளைவு நேரும். ஒரு பக்கம் 4 முதல் 5 நிமிடம் தொடாமல் விட்டு, ஒருமுறை மட்டும் திருப்புதல் போதுமானது.

ஓவனும் ஏர் ஃபிரையரும்

மின்சார ஓவனின் மேற்புறக் கம்பி சிவந்து எரியும்போது, அது தலைகீழாக்கப்பட்ட தணலே எனலாம். காய்களை ஒற்றை வரிசையில் பரப்பி, கம்பியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே வைத்தல் வேண்டும். வெண்டைக்காய் அங்கு 6 முதல் 8 நிமிடத்தில் சுடப்படும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மேற்கம்பியின் நேர்ச்சூட்டில் வைக்காமல், தோலுடன் 200 பாகை வெப்பத்தில் 45 முதல் 60 நிமிடம் விட்டுவிட வேண்டும்.

ஏர் ஃபிரையர் தன் பெயரில் பொரித்தலைக் கொண்டுள்ளது. ஆனால் அக்கருவி செய்வது பொரித்தலன்று. சூடான காற்றை விசிறியால் விரைந்து சுழற்றி, மேற்பரப்பின் ஈரத்தை அகற்றும் சிறிய ஓவனே அது. எண்ணெயில் மூழ்காமல் வறண்ட சூட்டில் பழுக்கும் காயைத் தமிழ் வழக்கில் சுட்ட காய் என்பதே பொருந்தும். கருவியின் பெயர் அயல்மொழியில் எவ்வாறு அமைந்திருப்பினும், அதில் நிகழும் செயலுக்கு நம்மிடம் பொருத்தமான சொல் உள்ளது.

உப்பும் பூச்சும்

உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும். சுடுவதற்கு 20 நிமிடம் முன்பு உப்பிட்டால், கசிந்த நீரைத் துணியால் ஒற்றியெடுத்தபின் சுட வேண்டும். இல்லையேல் சுடும் நொடியிலோ சுட்டபின்னோ உப்பிடலாம். சர்க்கரை, தேன், இனிப்புச் சோயா ஆகியவை கலந்த பூச்சு விரைவில் கருகும் என்பதால், அதனைக் கடைசி 2 நிமிடத்தில் தடவுவதே தக்கது. சாத்தே சுடுவோர் நசுக்கிய செராய் தண்டினைத் தூரிகையாகக்கொண்டு எண்ணெய் தடவுவதைப் பார்த்திருப்போம். காய்கறிக்கும் அம்முறை மணம் சேர்க்கும். சின்ன வெங்காயம், காளான் போன்றவற்றைக் கோக்கும் மூங்கிற் குச்சிகளை 30 நிமிடம் நீரில் ஊறவைத்தால் அவை எளிதில் எரியா.

உடல்நலமும் பாதுகாப்பும்

சுட்ட உணவு புற்றுநோயை உண்டாக்கும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. இதனைப் பகுத்து நோக்க வேண்டும். இறைச்சியும் மீனும் மிகு வெப்பத்தில் சுடப்படும்போது உருவாகும் தீங்கான சில சேர்மங்களுக்குத் தசையிலுள்ள கிரியேட்டின் என்னும் பொருள் காரணமாகிறது. காய்கறியில் அப்பொருள் இல்லை. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையும் காய்கறி சுடும்போது மிகக் குறைவு. எனினும் மாவுப்பொருள் மிகுந்த கிழங்குகளில் 120 பாகைக்கு மேல் அக்ரிலமைடு என்னும் சேர்மம் உருவாகிறது. உணவில் இது தோன்றுவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் அறிவித்தனர். எனவே உருளைக்கிழங்கைப் பொன்னிறத்திற்கு மேல் கருக விடலாகாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த உருளைக்கிழங்கில் சர்க்கரை மிகுவதால், சுடும்போது அச்சேர்மமும் மிகும்; ஆகவே அதனை வெளியில் நிழலான இடத்தில் வைப்பது நல்லது. கத்தரிக்காயின் கருகிய தோலை நாம் நீக்கிவிடுகிறோம். தோலோடு உண்ணும் காய்களில் கரும்பகுதியை அகற்றி உண்ணலாம்.

மரவள்ளிக் கிழங்கில் சயனைடை வெளிப்படுத்தும் பொருள்கள் இயற்கையாக உள்ளன. அதனைத் தோலுரித்து, துண்டாக்கி, மிகுந்த நீரில் நன்கு அவித்து, அந்நீரைக் கொட்டியபின் தணலிலோ கல்லிலோ சுடுதலே பாதுகாப்பானது.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு உணவிலன்று, காற்றில் உள்ளது. எரியும் கரியிலிருந்து நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வெளிப்படுகிறது. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். சன்னலைத் திறந்து வைத்தல் மட்டும் போதிய பாதுகாப்பாகாது. அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலோ, நடைவழியிலோ, தடுப்பிட்ட பால்கனியிலோ கரி அடுப்பை மூட்டுதல் கூடவே கூடாது. கரியில் சுட விரும்புவோருக்குத் திறந்தவெளியே உரிய இடம். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் இதற்கென்றே சுடுமேடைகள் அமைக்கப்பட்டுள்ளன.

முடிவுரை

இண்டக்ஷன் அடுப்பிலோ ஓவனிலோ சுட்ட கத்தரிக்காயில் தணலின் புகைமணம் முழுமையாகக் கிட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எரியும் தோலிலிருந்து எழும் புகையே அம்மணத்தின் மூலம். ஆயினும் இனிப்பும், பழுத்த மணமும், இறுகிய சதையும் அங்கும் கிடைக்கின்றன. வதக்கிய காயில் இவை இவ்வாறு அமைவதில்லை. விறகடுப்பு மீண்டும் வீட்டிற்குள் வரப்போவதில்லை. அதன் புகையில் கண் கலங்கிய தாய்மாரை எண்ணினால் அது வரவேண்டும் என்று விரும்பவும் இயலாது. ஆனால் அடுப்பு போனதால் அடுப்பைச் சார்ந்த அறிவும் போகவேண்டும் என்பதில்லை.

அவ்வறிவு நம் சொற்களில் தங்கியுள்ளது. ‘வாட்டு’ என்றால் தீயின் அருகே சிறிது நேரம். ‘வதக்கு’ என்றால் எண்ணெயும் ஈரமும் கிளறலும். ‘சுடு’ என்றால் வறட்சியும் வலிய சூடும் பொறுமையும். இச்சொற்கள் ஒவ்வொன்றும் சுருக்கமான ஒரு செய்முறைக் குறிப்பாகும். இவற்றை ஒன்றுக்கு மற்றொன்றாக எழுதும்போது நாம் இழப்பது அச்செய்முறையையே. பாட்டி ஒருவர் கத்தரிக்காயைச் சுட்டு அரைக்கச் சொன்னால், அதனைக் கேட்கும் பேர்த்தி தன்னிடம் தீ இல்லையே என்று வதக்கத் தொடங்க வேண்டியதில்லை. கல்லை நன்றாகக் காயவைத்து, காயைத் துடைத்து, இடைவெளி விட்டு அடுக்கி, சிறிது நேரம் தொடாமல் காத்திருந்தால், பாட்டி சொன்னதையே அவளும் செய்தவளாவாள்.